ஒன்பதாவது சீட்டு

அத்தியாயம் 17

போன வாரம் தலைமையாசிரியையின் அறையிலிருந்து சின்னவள் ஒரு கவரோடு வெளியே வந்தாள், ஞாபகம் இருக்கிறதா? அதை அவள் இன்னும் கிழித்துப் போடவில்லை. கைப்பையில் டிபன் டப்பாவுக்குப் பக்கத்தில் செருகிக்கொண்டு தினமும் பள்ளிக்கூடம் போய் வருகிறாள்.

உள்ளே இருப்பது ஒரே வாக்கியம். ‘சக ஆசிரியையின் பாடத்திட்டத்தை நகலெடுத்துத் தன்னுடையதாகச் சமர்ப்பித்தமைக்கு எச்சரிக்கை.’ அந்தச் சக ஆசிரியை வேறு யாருமில்லை, சொந்த ஓரகத்தி. ஒரே வீட்டில் கீழ்த்தளத்தில் பெரியவள், மாடியில் சின்னவள். ஒரே பள்ளிக்கூடத்தில் பெரியவள் ஆங்கிலம், சின்னவள் சமூக அறிவியல்.

இன்றைக்குத்தான் முதல்முதலாக இந்தக் கதைக்குள் வருகிறவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன்: நகலெடுத்தது சின்னவள் இல்லை. ஒன்பது வருஷமாக ஒரு நீல நோட்டில் வகுப்பு விளையாட்டுகளை எழுதி வந்தவள் அவள். தரையில் சாக்பீஸால் பெரிதாக வரைபடம் போட்டு, “மழையே பெய்யாத பக்கம்!” என்று கத்தினால் பிள்ளைகள் விழுந்தடித்துக்கொண்டு அங்கே போய் நிற்கிற ‘ஓடும் வரைபடம்’. கருத்துக்கு ஒரு மூலையாகப் பிரிந்து நின்று சண்டை போடுகிற ‘நாலு மூலை’. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ராஜாவைப் பற்றி நாளைக் காலைப் பேப்பருக்குச் செய்தி எழுதுகிற ‘பழைய பேப்பர்’. தூங்கி வழிகிற கடைசிப் பெஞ்சைக்கூட எழுப்பிவிடுகிற சங்கதிகள் எல்லாம்.

அந்த நோட்டு ஒரு நாள் வீட்டில் பூட்டியிருந்த டிராயரிலிருந்து காணாமல் போனது. ரெண்டு மாதத்தில் பெரியவள் பெயரில் பளபளவென்று ஒரு கையேடு அச்சாகி வந்தது. அட்டையில் அம்மாளின் போட்டோ வேறு! சின்னவள் அதே விளையாட்டுகளை நினைவிலிருந்து பாடத்திட்டமாக எழுதிப் பள்ளிக்கூடத்தில் கொடுப்பதற்குள் காலம் கடந்துவிட்டது. முந்திக்கொண்டவள் சொந்தக்காரி, பிந்தியவள் திருடி. நியாயம் எந்த லட்சணத்தில் இருக்கிறது, பாருங்கள்.

இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, பதினோராம் தேதி. கல்வி அலுவலகத்திலிருந்து அதிகாரி வருகிறார். எட்டாம் வகுப்பு ‘ஆ’ பிரிவில் பெரியவள் ‘பாலம் இடிந்த வழக்கு’ நடத்திக் காட்டப்போகிறாள். வரலாற்றுப் பாடத்தை ஆங்கிலத்தில் வாதாடுகிற விளையாட்டு. அவருக்குப் பிடித்துவிட்டால் பெரியவள் நாற்பது பள்ளிக்கூடங்களுக்குப் பாட ஒருங்கிணைப்பாளர். கவரில் இருக்கிற அந்த வாக்கியமோ சின்னவளின் பணிப் பதிவேட்டில் ஏறிவிடும். பிறகு அவள் எந்தப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகிப் போனாலும் அவளுக்கு முன்னால் அது போய் உட்கார்ந்திருக்கும்.

“இன்னிக்கு ஒரு நாள் வாயை மூடிக்கிட்டு இரு” என்றார் சின்னவளின் கணவர், ஷூக் கயிற்றைக் கட்டியபடி. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிறவர். ஊரில் பாதிப் பேர் மூக்கில் இருப்பது இந்த லென்ஸ்காரர் பொருத்திய கண்ணாடிதான். வீட்டுக்குள் நடக்கிறது மட்டும் அவர் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. “அண்ணிகிட்ட மோதி என்ன ஆகப்போகுது? குடும்பம் ரெண்டாயிடும்.”

“நான் ஏங்க வாயைத் திறக்கப் போறேன்? பின்னாடி உட்கார்ந்து கத்துக்கச் சொல்லியிருக்காங்க. கத்துக்கிட்டு வரேன்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பு அவருக்கு ஏனோ பிடிக்கவில்லை. மறு ஷூக் கயிற்றில் முடிச்சு சிக்கிக்கொண்டது.

கீழே இறங்கினால் பெரியவள் வாசல் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தாள். புதுச் செருப்பு, டக் டக்கென்று சத்தம்.

“சீட்டெல்லாம் எழுதிட்டியாம்மா?”

“எழுதிட்டேன்க்கா. வரிசையா அடுக்கி ரப்பர் பேண்டு போட்டிருக்கேன். நீங்க மேலேயிருந்து ஒண்ணொண்ணா எடுத்துக் குடுத்தாப் போதும்.”

“உன் கையெழுத்து நல்லா இருக்குமேன்னுதான் உன்கிட்ட சொன்னேன். மனசுல எதுவும் வச்சுக்காதே. எனக்கு அந்த வேலை வந்துட்டா உன்னை மறந்துடுவேனா?”

“நீங்க மறக்க மாட்டீங்கக்கா. நானும் எதையும் மறக்கிற ஆள் இல்ல.”

பெரியவளின் மகள் சிட்டு தலையைப் பின்னிக்கொண்டே இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பதின்மூன்று வயசு. அதே எட்டு ‘ஆ’ வகுப்பு. அப்பா வெளியூர் வேலையில், வருஷத்துக்கு ரெண்டு தடவை வந்து போகிறவர். அதனால் பாதி நேரம் மாடியில் சித்தியின் அட்டையிலும் பசையிலும் கத்தரிக்கோலிலும் வளர்ந்த பெண்.

“சித்தி, ஒன்பதாவது சீட்டும் வச்சிருக்கீங்களா?”

“அது உபரிடி” என்றாள் பெரியவள். “ஏதாவது தொலைஞ்சா போட்டுக்கறதுக்கு.”

சிட்டு வாயைத் திறந்தாள். சித்தியைப் பார்த்தாள். சித்தி பைக்குள் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டாள். சிட்டு வாயை மூடிக்கொண்டு ரிப்பனைத் தேடப் போனாள்.

உபரியாம்! அந்தச் சீட்டில்தான் விளையாட்டின் உயிரே இருக்கிறது. காண்ட்ராக்டர், இன்ஜினியர், நகரத் தலைவி, படகுக்காரர் என்று எட்டுச் சீட்டுக்கு எட்டு வேஷம். ஒன்பதாவது சீட்டில் ஒன்றும் எழுதியிருக்காது. அது யாருக்கு வருகிறதோ அவர் வழக்கு முடிகிறவரை வாய் திறக்கக் கூடாது. தீர்ப்பு சொன்ன பிறகு எழுந்து, அறைக்குள் இருக்கிற யாரை வேண்டுமானாலும், டீச்சரையே கூட, கேள்வி நாற்காலிக்குக் கூப்பிடலாம். ஒரே ஒரு கேள்வி. உண்மையைச் சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் மணி அடிக்கிறவரை அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கக் கூடாது.

இதே பிள்ளைகள் ஏழாம் வகுப்பில் இருந்தபோது ஒருத்தி சின்னவளையே நாற்காலியில் உட்கார வைத்து, “டீச்சர், எங்க கிளாஸ்ல உங்களுக்குப் பிடிக்கவே பிடிக்காதது யாரு?” என்று கேட்டாள். சின்னவள் பதினாலு நிமிஷம் உட்கார்ந்திருந்தாள். வகுப்பு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

மனப்பாடமான விஷயத்தை யார் எழுதி வைப்பார்கள்? நோட்டில் அவள் குறித்திருந்தது ‘9 – வெற்று’ என்று மட்டும்தான். பெரியவள் மண்டையைப் பிய்த்துக்கொண்டு பார்த்துவிட்டு, கையேட்டின் இருபத்து மூன்றாம் பக்கத்தில் ‘ஒன்பதாவது சீட்டு: உபரி. தொலைந்தால் பயன்படுத்தவும்’ என்று அச்சடித்துவிட்டாள். அந்த வரியைப் படித்த அன்றுதான் சின்னவள் பல நாளுக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டாள்.

தலைமையாசிரியையிடம் இதைச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொன்னாள். “உபரின்னா உபரிதானேம்மா? அதுல என்ன கண்டுட்டீங்க? சாட்சி அது இதுன்னு பிள்ளைங்களை இதுக்குள்ள இழுக்காதீங்க” என்று பதில் வந்தது. சரி, சொல்லிப் பிரயோஜனம் இல்லை, நடந்தே தீரட்டும் என்று முடிவு பண்ணிவிட்டாள்.

சீட்டு யார் யாருக்குப் போகும் என்பதும் அவளுக்கு அத்துப்படி. தேதி எதுவோ அந்த வருகை எண்ணிலிருந்து தொடங்க வேண்டும். கையேட்டிலும் பெரியவள் அதை அப்படியே காப்பியடித்திருந்தாள். பதினோராம் தேதி என்றால் பதினோராம் எண். அங்கிருந்து எண்ணினால் ஒன்பதாவது சீட்டு பத்தொன்பதாம் எண்ணுக்கு. பத்தொன்பதாம் எண், வகுப்பே ‘வக்கீல்’ என்று கூப்பிடுகிற பெண். பஸ் கண்டக்டரிடமே சட்டம் பேசுகிறவள். அவளுக்கு யாரும் எதுவும் சொல்லிக் கொடுக்க வேண்டாம். ‘இந்த விளையாட்டை யார் டீச்சர் கண்டுபிடிச்சது?’ என்று தானாகவே கேட்பாள்.

சின்னவள் போட்ட கணக்கு அது. ஆனால் அன்றைக்குப் பதினாலாம் எண்ணுக்குக் காய்ச்சல்.

வகுப்புக்குள் நுழைந்ததுமே சின்னவள் அந்தக் காலி இடத்தைப் பார்த்துவிட்டாள். பெஞ்சுகளை இழுத்து நீதிமன்றம் மாதிரிப் போட்டிருந்தார்கள். பிள்ளைகள் பரபரப்பில், “அப்ஜெக்‌ஷன், யுவர் ஆனர்!” என்று ஜன்னல் கதவு அடித்துக்கொண்டதற்குக்கூடக் கத்திக்கொண்டிருந்தார்கள். அதிகாரி இன்னும் தலைமையாசிரியையின் அறையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். பெரியவள் வாசலில் நின்று அவருக்காக எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சின்னவள் மனசுக்குள் விரல் விட்டு எண்ணினாள். பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று, பதினைந்து. பதினாலு இல்லை. எல்லாம் ஒன்று தள்ளிப்போகிறது. வக்கீலுக்கு எட்டாவது சீட்டு. வெற்றுச் சீட்டு இருபதாம் எண்ணுக்கு.

இருபதாம் எண் சிட்டு.

அடுக்கு மேஜைமேல்தான் இருந்தது. நாலே அடி. டஸ்டரை எடுக்கிற சாக்கில் போய், கடைசிச் சீட்டை ஒரு இடம் மேலே ஏற்றினால் தீர்ந்தது காரியம். பெற்ற தாயை மகள் கூண்டில் ஏற்றவேண்டிய பாவம் அந்தக் குழந்தைக்கு வராது. சின்னவள் எழுந்தாள். மேஜையருகே போனாள். டஸ்டரை எடுத்தாள். கரும்பலகையில் துடைக்க ஒன்றுமே இல்லை, இருந்தும் துடைத்தாள். பைக்குள் இருக்கிற கவர் ஞாபகத்துக்கு வந்தது. டஸ்டரை வைத்துவிட்டுப் பின் வரிசைக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். சீட்டைத் தொடவில்லை.

பாடம் நன்றாகத்தான் நடந்தது. பெரியவளுக்கு அந்தத் திறமை உண்டு, இல்லையென்று சொன்னால் வாய் அழுகிவிடும். அதிகாரி நெற்றிமேல் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, சுண்டுவிரல் நீளப் பென்சிலால் எழுதிக்கொண்டே இருந்தார். வெள்ளத்தின் உயரம் குறித்த பழைய பதிவை ஒருத்தி வாசித்தாள். விரிசல் தெரிகிற புகைப்படத்தை ஒருத்தி தூக்கிக் காட்டினாள். வக்கீலுக்கு வந்தது படகுக்காரர் வேஷம். பாலம் இடிந்ததால் படகுக்குத்தானே லாபம் என்று மடக்கியவர்களை அவள் ஆங்கிலத்தில் நாலு தட்டுத் தட்டி உட்கார வைத்தாள். நகரத் தலைவிக்கு மூன்று எச்சரிக்கைக் கடிதம் போயும் அவர் பிரிக்கவே இல்லை என்பது கடைசியில் வெளியே வந்தது. ஜூரிப் பிள்ளைகள் கையைத் தூக்கினார்கள். நகரத் தலைவி குற்றவாளி.

“தேங்க் யூ, கிளாஸ்!” என்றாள் பெரியவள், முகமெல்லாம் பூரிப்பாக.

ஒரு பிள்ளையும் அசையவில்லை. அத்தனை தலையும் இருபதாம் எண் பக்கம் திரும்பியது.

அதிகாரி பென்சிலை நிறுத்தினார். “இன்னும் ஏதோ பாக்கி இருக்கு போலிருக்கே?”

“இல்ல சார், அவ்வளவுதான்.”

“டீச்சர்!” வக்கீல் எழுந்துவிட்டாள். “ஒன்பதாவது சீட்டு!”

“அது உபரிம்மா. உட்காரு.”

“உபரியா?” வகுப்பு முழுக்க அந்தச் சொல் ஓடியது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அதிகாரி கையேட்டைப் புரட்டி இருபத்து மூன்றாம் பக்கத்தில் விரலை வைத்தார். “உபரின்னுதான் போட்டிருக்கு. உங்களுக்கு வேற மாதிரித் தெரியுமா?”

வக்கீல் மூச்சு விடாமல் ஒப்பித்தாள். வாய் திறக்காமல் இருப்பது, நாற்காலி, ஒரே கேள்வி, மணி, எல்லாம். போன வருஷம் டீச்சர் பதினாலு நிமிஷம் உட்கார்ந்திருந்த கதையையும் விடவில்லை.

“எந்த டீச்சர்?” என்றார் அதிகாரி.

முப்பத்தைந்து விரல் பின் வரிசையைக் காட்டியது. தலைமையாசிரியையின் முகத்தில் ஈயாடவில்லை. சின்னவள் மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு, கத்துக்க வந்த மாணவி மாதிரி அடக்கமாக உட்கார்ந்திருந்தாள். உள்ளே குளுகுளுவென்று இருந்தது.

“நடக்கட்டும்” என்றார் அதிகாரி.

சிட்டு எழுந்தாள். வெற்றுச் சீட்டு அவள் விரலுக்கு நடுவே நசுங்கிப் போயிருந்தது. அவள் அம்மாவைப் பார்த்தாள். பெரியவள் கண்ணாலேயே வேண்டாமென்றாள். சிட்டு திரும்பிச் சித்தியைப் பார்த்தாள். சித்தியும் பார்த்தாள். அந்த நிமிஷத்தில்கூட ஒரு தலையசைப்பு போதும், குழந்தை உட்கார்ந்திருக்கும். சின்னவள் அசைக்கவில்லை.

“அம்மா, நீங்க வாங்க.”

பெரியவள் ஒரு சிரிப்பைச் சிரித்துக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். முக்கால் மணி நேரம் ஆங்கிலத்திலேயே வழக்கு ஓடிய வகுப்பில் சிட்டு வீட்டுப் பேச்சில் கேட்டாள்.

“நீல நோட்டு இப்ப எங்கம்மா இருக்கு?”

புதுச் செருப்பு ஒருதரம் தரையில் தேய்ந்தது.

“என்ன நோட்டு?” என்றார் அதிகாரி.

“சார், நடுவுல பேசக் கூடாது” என்றாள் வக்கீல். அவர் வாயை மூடிக்கொண்டார்.

மணி அடிக்க இன்னும் பன்னிரண்டு நிமிஷம் இருந்தது. சின்னவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து உட்கார்ந்தாள். ஒரு நிமிஷம். ரெண்டு. பெரியவளின் மேலுதட்டில் வேர்வை. மூன்று. உட்காருடி அம்மா, நன்றாக உட்கார். நான் ஒன்பது வருஷம் குனிந்து எழுதியதை நீ போட்டோ போட்டு வாங்கிக்கொண்டாய், அதற்கு வாடகை பன்னிரண்டு நிமிஷம்தான், மலிவு. சின்னவளுக்கு அப்படியே நாள் முழுக்க அந்தக் காட்சியைப் பார்த்துக்கொண்டிருக்கலாம் போலிருந்தது.

நாலாவது நிமிஷத்தில் பெரியவள் நிமிர்ந்தாள். மகளைப் பார்க்கவில்லை. நேரே பின் வரிசையைப் பார்த்தாள்.

“என் பீரோவுல இருக்கு. ஆனா நான் எடுக்கல. எனக்குக் குடுத்தாங்க.”

சின்னவள் எழுந்தது அவளுக்கே தெரியாது. “யாரு குடுத்தா?”

“டீச்சர்!” முப்பத்தைந்து குரல் ஒன்றாகக் கத்தியது. “ஒரே ஒரு கேள்விதான்!”

அவள் போட்ட சட்டம், அவள் பழக்கிய பிள்ளைகள். பெரியவள் நாற்காலியை விட்டு எழுந்தாள். அன்றைக்குக் காலையிலிருந்து அவள் சிரித்த சிரிப்புகளில் நிஜமான சிரிப்பு அப்போது சிரித்ததுதான்.

தலைமையாசிரியையின் அறையில் அதிகாரி அதிகம் பேசவில்லை. “வெள்ளிக்கிழமை மறுபடி வரேன். பாடத்தை இந்தத் தடவை சமூக அறிவியல் டீச்சர் எடுக்கட்டும். அந்த நோட்டு மேஜைமேல இருக்கணும். வகுப்புப் பிள்ளைங்க வீட்டிலேருந்தும் பெரியவங்களை வரச் சொல்லுங்க, அவங்களும் பாக்கட்டும்.” கவரைத் தலைமையாசிரியை திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. “வெள்ளிக்கிழமை வரைக்கும் பதிவேட்டுல ஏத்த மாட்டேன்மா” என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள். போன வாரம் இதே வாய் என்னவெல்லாம் சொன்னது!

சாப்பாட்டு இடைவேளையில் தண்ணீர்க் குழாயருகே ஓரகத்திகள் எதிரும் புதிருமாக நின்றார்கள்.

“பெத்த பொண்ணை விட்டே என்னைக் கொத்த வச்சுட்டியேடி. நீ நல்லா இருப்பியா?”

“என் ஒன்பது வருஷத்தைத் தின்னுட்டு நீங்க நல்லாத்தானே இருந்தீங்க? நோட்டைக் குடுத்தது யாருக்கா?”

பெரியவள் டிபன் டப்பாவை நிதானமாகக் கழுவினாள். மூடியைக் கழுவினாள். கரண்டியைக்கூடக் கழுவினாள்.

“ஒரே ஒரு கேள்விதான். சட்டம் போட்டது நீதானே?” குழாயை மூடிவிட்டுத் திரும்பினாள். “வீட்டுக்குப் போ. உன் வீட்லயும் நாற்காலி இருக்கு.”

அந்த வார்த்தை சின்னவளோடு பிற்பகல் முழுக்க வகுப்பு வகுப்பாகக் கூடவே வந்தது. ஏழாம் வகுப்பு வரைபடத்தில் ஓடிக்கொண்டிருந்தது, அவள் டிராயரைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தாள். பூட்டை உடைக்காமல் எடுத்த நோட்டு. டிராயருக்கு ரெண்டு சாவி. ஒன்று அவள் கைப்பையில். இன்னொன்று எங்கே இருக்கிறது என்று நினைத்துப் பார்க்க அவளுக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. ஆனாலும் கடைசி மணி அடிக்கிறவரை வேறு யாராவது கிடைப்பார்களா என்று தேடிக்கொண்டே இருந்தாள்.

வீட்டுக்கு வந்தபோது சிட்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். யூனிபாரத்தைக்கூட மாற்றவில்லை.

“சித்தி, அந்தச் சீட்டு எனக்கு வரும்னு உங்களுக்குத் தெரியுமா?”

பொய் சொல்லலாம். பெஞ்சில் ஒரு இடம் காலியாக இருந்ததைக் கவனிக்கவில்லை என்று சொன்னால் குழந்தை நம்பிவிடும்.

“தெரியும்” என்றாள் சின்னவள். “மாத்தி வைக்க நேரமும் இருந்துச்சு. மாத்தல.”

சிட்டு தலையாட்டினாள். “அம்மா என்கிட்ட பேச மாட்டேங்கறாங்க. நீங்களும் பேசாதீங்க.” நசுங்கிய சீட்டைப் படியில் வைத்துவிட்டு இறங்கிப் போனாள். கீழே கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

ஜெயித்த நாள் இப்படி முடியும் என்று சின்னவள் எதிர்பார்க்கவில்லை. சீட்டை எடுத்து முழங்கால்மேல் வைத்து நீவி நீவிச் சுருக்கத்தை எடுத்தாள். அப்புறம் மேலே போய், சாப்பாட்டு மேஜையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்து ஹாலுக்கு நடுவே போட்டாள். அதன்மேல் சீட்டை வைத்தாள்.

ஆறு மணிக்கு லென்ஸ்காரர் வந்தார். கதவைத் திறந்தவர் நாற்காலியைப் பார்த்தார். சீட்டைப் பார்த்தார். ஒன்பது வருஷமாக ராத்திரிச் சாப்பாட்டோடு இந்த விளையாட்டுக் கதைகளைக் கேட்டுக் கேட்டு அவருக்கும் சட்டம் எல்லாம் தெரியும். ‘என்ன இது?’ என்று ஒரு வார்த்தை அவர் கேட்டிருந்தால் சின்னவளுக்கு ஒரு துளி நம்பிக்கையாவது மிஞ்சியிருக்கும். அவர் கேட்கவில்லை. பையைக் கீழே வைத்தார். சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது! நீங்களா என்று கேட்கவேண்டிய வேலை மிச்சமாயிற்று. ஒரே கேள்வி. அதை வீணாக்க அவள் தயாராக இல்லை.

“ஏன்?”

அவர் சீட்டைத் திருப்பினார். அந்தப் பக்கமும் வெற்று.

“அண்ணி கேட்டாங்க. பாத்துட்டுத் திருப்பித் தரேன்னாங்க…”

“அது எப்படின்னு கேட்டாச் சொல்ல வேண்டிய பதில். நான் கேட்டது ஏன்னு.”

“மணி எப்ப அடிக்கும்?” என்றார் அவர், சிரிக்கப் பார்த்து.

“இந்த வீட்டுல மணி அடிக்கிறது நான்தாங்க.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் மாட்டிக்கொள்ளவில்லை.

“அந்த வேலை உனக்குத்தான் வரும்னு எல்லாரும் சொன்னாங்க. நாற்பது ஸ்கூல். வாரத்துல நாலு நாள் நீ ஊர்லயே இருக்க மாட்டே. இப்பவே கடைக்கு வர்றவங்க என்னை டீச்சர் வீட்டுக்காரர்னுதான் சொல்றாங்க. இருபது வருஷமா அந்தக் கடையில உட்கார்ந்திருக்கேன், என் பேரு ஒருத்தருக்கும் தெரியல.” கண்ணாடியை மடக்கிப் பிரித்தார். “நீ இங்கேயே இருந்தாப் போதும்னு நினைச்சேன். அண்ணி போகட்டும்னு குடுத்துட்டேன். உனக்கு இப்படி லெட்டர் வரும்னு சத்தியமாத் தெரியாது.”

வந்த பிறகு தெரியும் அல்லவா? ஒரு வாரமாக அந்தக் கவரை வைத்துக்கொண்டு அவள் தூங்காமல் புரண்டபோது, பக்கத்தில் படுத்திருந்துவிட்டு இன்று காலை ‘குடும்பம் ரெண்டாயிடும்’ என்று சொன்ன வாய் எது? கேள்வி அவள் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் ஒரே கேள்விதான். காலையில் முப்பத்தைந்து பிள்ளைகள் ஞாபகப்படுத்தியிருந்தார்கள். அதை அப்படியே விழுங்கினாள்.

கீழே பெரியவள் ஏதோ கேட்டுக் கத்துவதும், சிட்டு பதில் சொல்லாமல் இருப்பதும் மாடி வரை கேட்டது.

சின்னவள் கைப்பையைத் திறந்து, வெள்ளிக்கிழமை வரவேண்டிய பெரியவர்களுக்கென்று தலைமையாசிரியை கொடுத்த அழைப்புத் தாளை எடுத்தாள். பேனாவால் அதில் ஒரு பெயரை எழுதினாள். டீச்சர் வீட்டுக்காரர் என்று எழுதவில்லை. அவருடைய முழுப் பெயரையும் கொட்டை எழுத்தில் எழுதி அவர் மடியில் வைத்தாள்.

“வெள்ளிக்கிழமை கடைக்கு லீவு சொல்லிடுங்க. முன் வரிசையில உங்களுக்கு ஒரு நாற்காலி போடச் சொல்றேன்.”

“நான் எதுக்கு? நான் என்ன டீச்சரா?”

“அறைக்குள்ள இருக்கிற யாரை வேணும்னாலும் கூப்பிடலாம்.” அவர் விரலிடுக்கிலிருந்து சீட்டை உருவிக்கொண்டாள். “இந்தத் தடவை ஒன்பதாவது சீட்டு எந்தப் பிள்ளைக்கும் கிடையாது. என்கிட்டத்தான் இருக்கும்.”

சீட்டைக் கைப்பையில் அந்தக் கவருக்குப் பக்கத்தில் வைத்து ஜிப்பை இழுத்தாள். அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கப் பார்த்தார்.

“உட்காருங்க” என்றாள் அவள். “இன்னும் மணி அடிக்கல.”